புதுப்பிப்பு: ஸ்பைவேர் (உளவு பார்க்கும் நிரல்) தடுப்பு மென்பொருளின் புதிய பதிப்பு ஏறிவிட்டது

வண்ணாரப்பேட்டையில் எங்கள் டி.டி.பி. கடை கம்ப்யூட்டரில் புதிய பதிப்பை நிறுவும்போது "பழையதை நீக்கவும்" என்று பாதியில் நிற்கிறது, கன்ட்ரோல் பேனலிலோ பழையது இல்லவே இல்லை என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சரியாகிவிட்டது.

கைகொடுத்தது, சேஃப் மோடில் (விண்டோஸ் அத்தியாவசியமானதை மட்டும் ஏற்றித் திறக்கும் நிலை) நீக்கச் சொன்ன நண்பரின் யோசனைதான். லைசென்ஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் தளத்தில் இருக்கும் நீக்கும் கருவியை இறக்கினேன். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, சேஃப் மோடில் அதை ஓட்டினேன். ஒட்டிக்கொண்டிருந்த பழைய பதிப்பின் டிரைவர் கோப்பு அப்போதுதான் போனது. அப்புறம் கம்ப்யூட்டரை வழக்கம்போலத் திறந்து நிறுவியதும் தடையில்லாமல் ஏறியது. விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கத் தேவையே வரவில்லை, அது நல்லதுதான்.

எதிர்பாராதது ஒன்று. பழைய விதிவிலக்குப் பட்டியல் (தடுக்க வேண்டாம் என்று நாம் குறித்துவைத்த நிரல்கள்) புதியதற்கு வரவில்லை. முதல் ஸ்கேனிலேயே தமிழ் தட்டச்சு மென்பொருளை கீலாகர் (தட்டும் விசைகளைத் திருட்டுத்தனமாகப் பதியும் நிரல்) என்று பிடித்து குவாரன்டைனில், அதாவது இயங்க முடியாதபடி தனியே, போட்டுவிட்டது. கல்யாணப் பத்திரிகை அடிக்க உட்கார்ந்தால் திரையில் வெறும் ஆங்கில எழுத்து! தட்டும் விசைகளை இடைமறித்துத்தான் அந்தத் தட்டச்சு மென்பொருள் தமிழ் எழுத்தாக்குகிறது, அதனால் வந்த சந்தேகம். மீட்டெடுத்து விதிவிலக்கில் சேர்த்ததும் தமிழ் வந்துவிட்டது. மீட்பதற்கு முன், அதை உருவாக்கியவர்களின் தளத்திலிருந்து இறக்கியதுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.