30 நொடியில் 11 தடவை எழுந்தாள், தாளில் பூஜ்யம்

மூத்தமகள்:
அம்மாவுக்கு இடது முட்டி மாற்றி 6 வாரம். பிசியோவில் அந்த நாற்காலி டெஸ்ட் வைத்தார்கள், 30 நொடியில் எத்தனை தடவை எழுந்து நிற்கிறார்கள் என்று எண்ணுவார்களே, அதுதான். கையை மார்பில் குறுக்கே கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்தாவது தடவை எழும்போது இடது கை மட்டும் மெதுவாக இறங்கித் தொடையில் ஊன்றியது, அம்மாவுக்கே அது தெரியாது. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன், 11. டெஸ்ட் வைத்த பிசியோப் பெண் தாளில் 0 போட்டாள். கை ஊன்றினால் கணக்கில் சேராதாம். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நான் எழுந்திருக்கவே இல்லையாம்மா?" என்று அவளிடமே கேட்டாள். விதி இருக்கட்டும், அதை அம்மா கண் முன்னாலா எழுத வேண்டும்?

வலதுமுட்டி:
என் கதை தலைகீழ். படுக்க வைத்து, குதிகாலைப் பிடித்து மடக்கி, கோணமானியை வைத்து 118 டிகிரி என்றார்கள், எல்லோருக்கும் சந்தோஷம். அன்று சாயங்காலமே மாடிப்படி இறங்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். ஆபரேஷன் செய்த கால் மேல்படியில், நல்ல காலைக் கீழே வைக்க வேண்டும், வைத்தால் மேல்கால் நடுங்குகிறது. கைப்பிடியை விடாமல் நிற்கிறேன், பின்னால் ஒரு பையன் "அங்கிள், கொஞ்சம் வழி விடுங்க" என்கிறான். படி இறங்க 100 டிகிரிக்குள் மடங்கினாலே போதும். தொடையின் முன்தசையில் பலம் இல்லை, அவ்வளவுதான். முதல் மாதத்தில் அந்தப் பலம் பாதிக்கு மேல் போய்விடும் என்று எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அக்கா, உங்கள் அம்மாவுக்குப் போட்ட பூஜ்யமாவது உண்மையைச் சொன்னது.

பிசியோக்காரன்:
மூத்தமகள், கோபம் புரிகிறது, ஆனால் பூஜ்யம் போட்டவர் மேல் தப்பில்லை. கையை விட்டால் எழ முடியுமா என்பதுதான் அந்த டெஸ்டின் கேள்வியே. பக்கத்தில் "கை ஊன்றி 11" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம், நாங்கள் எழுதுவோம். அப்புறம் வீட்டில் அளக்கிறவர்களுக்கு ஒன்று. எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் டெஸ்டில் ஒருவர் 9 நொடியில் முடித்தார், அடுத்த தடவை 13. பதறிப்போய் முட்டியை எல்லாம் அழுத்திப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் நாற்காலி மாறியிருக்கிறது, தாழ்வானது, கைப்பிடியும் இல்லை. அதனால் எப்போதும் ஒரே நாற்காலி, ஒரே செருப்பு. கைத்தடி வைத்திருந்தால் அதையும் எழுதி வையுங்கள். ஒரு தடவை ஒத்திகை பார்த்துவிட்டு, "போ" என்றதும் கடிகாரத்தைத் தட்டுங்கள், உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். ஓடச் சொல்லாதீர்கள், எப்போதும் நடக்கும் நடைதான். பக்கத்தில் ஒருவர் நிற்காமல் செய்யவே வேண்டாம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். எழும்போது நல்ல கால் மட்டும் வேலை செய்கிறதா என்று...

கடைக்குட்டி:
சார், நாற்காலி உயரத்தை இங்கே யாரும் கேட்கவே இல்லையே. எங்கள் அப்பாவிடம் முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கும் 12 கேள்வித் தாளைக் கொடுத்தார்கள், மொத்தம் 48 மதிப்பெண். வலி போன குஷியில் எல்லாவற்றுக்கும் நல்ல பதிலாக டிக் அடித்தார். மண்டியிட்டு எழ முடிகிறதா என்பதற்கும் "எளிதாக". எப்பப்பா மண்டி போட்டீங்க என்றேன். "சொன்னா போட மாட்டேனா?" என்கிறார். 48க்கு 43. அடுத்து 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்கும் டெஸ்ட். நாலாவது நிமிடத்தில் சுவரில் கை வைத்து நின்றுவிட்டார், நின்றாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆபரேஷனுக்கு முன்னால் நடந்த தூரம்கூட வரவில்லை. இப்போதும் யார் கேட்டாலும் அந்த 43ஐத்தான் சொல்கிறார்.

மூத்தமகள்:
நேற்று வீட்டில் அம்மாவே நாற்காலியை இழுத்துப் போட்டாள், பிசியோ சார் சொன்னபடி சுவரோடு ஒட்டித்தான். கையைக் கட்டியபடியே 4. ஐந்தாவதில் பாதி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "பாதியை அந்தப் பொண்ணு எண்ணுமா?" என்று கேட்கிறாள்.