கடைவீட்டு விறகடுப்பு, புகைக்குழாய்: எடுக்க ஆள் தெரியுமா?

வணக்கம். சிங்கப்பூர் லிட்டில் இந்தியா பக்கம் பழைய கடைவீடு (கீழே கடை, மேலே வீடு). பின்கட்டில் செங்கல் விறகடுப்பு, ஓட்டுக்கூரையைத் தாண்டி மேலே போகும் 6 அங்குலப் புகைக்குழாய். இரண்டும் போகணும்.

குழாய் சாம்பல் நிற சிமெண்டு. ஆஸ்பெஸ்டாஸாக (உடைத்தால் நுரையீரலைக் கெடுக்கும் நார்த்தூசி பறக்கும்) இருக்கலாம்; "சுத்தியலால் தட்டினா போச்சு" என்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். கட்டடம் 1991க்கு முந்தியது, ஆகவே விதிப்படி முதலில் தகுதிபெற்றவரின் ஆஸ்பெஸ்டாஸ் ஆய்வு. ஆஸ்பெஸ்டாஸ்தான் என்றால் அங்கீகாரம் பெற்ற குத்தகையாளர் (கான்ட்ராக்டர்) வரணும், மனிதவள அமைச்சுக்கு 7 நாள் முன்பே தெரிவிக்கணும்.

குழாயை மேலிருந்து கீழாகத்தான் கழற்றணும். அடித்துண்டை முதலில் உருவினால் மொத்தப் பாரமும் ஓட்டில் தொங்கி, ஓடு நொறுங்கும். குழாய் போனபின் கூரையில் இருக்கும் துளையை வெறும் சிமெண்டால் பூசினால் வெயிலில் வெடித்து அடுத்த மழைக்கே ஒழுகும். அந்த இடத்துக்குப் புது ஓடுதான்.

அடுப்பு பக்கத்து வீட்டுப் பொதுச்சுவரோடு பிணைத்துக் கட்டியதா, ஒட்டி வைத்ததா என்று பார்த்துச் சொல்லக்கூடிய கொத்தனார் அல்லது பொறியாளர் யாராவது?