கரிமூட்டப் புகையும் உப்புக்காற்றும்: ஒவ்வாமை உள்ள வீடுகளுக்கு

சாயல்குடியிலிருந்து:
கடலோரம் என்றாலே காற்று சுத்தம் என்று நம்பிவிட முடியாது. விறகை மண்ணால் மூடி எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்டத்தின் புகையை, பகலில் கடற்காற்று நிலத்தின் உள்பக்கம் தள்ளிவிடும். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்குத் திரும்பும். அதே புகை கரையோர வீடுகளுக்கு வரும். பனிக்கால விடியலில் மேலே எழும்பாமல் தெருவிலேயே தங்கும். இழுப்பு உள்ளவர்கள் ராத்திரி சன்னலை அடைத்து, வெயில் ஏறிக் கடற்காற்று தொடங்கிய பிறகு திறக்கலாம். காலையில் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கீழக்கரையிலிருந்து:
சாயல்குடி அண்ணன் சொன்ன விடியல் நேரத்தில்தான் காற்றிலுள்ள நுண்துகளை அளக்கும் சின்ன லேசர் மீட்டர்களும் ஏமாற்றும். ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்துகள் தண்ணீரை உறிஞ்சி ஊதிக்கொள்ளும். மீட்டர் ஒளிச்சிதறலை வைத்துக் கணக்கிடுவதால் எண் கூடுதலாகக் காட்டும். மதிய எண்ணோடு விடியல் எண்ணை ஒப்பிட்டுப் பதறவேண்டாம். எண் எதுவானாலும், கரிவாடை அடித்தால் சன்னலை அடையுங்கள். பிஎம் 2.5-க்கு, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகளுக்கு, நம் நாட்டு 24 மணிநேரச் சராசரி வரம்பு ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15.

தொண்டியிலிருந்து:
சீமைக்கருவேல மகரந்தத்தை விட்டுவிட்டீர்களே. துகள் பெரிது, பெரும்பாலும் மூக்கிலும் கண்ணிலும் நிற்கும்: அடுக்குத் தும்மல், கண் அரிப்பு. புகைத்துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே, நெஞ்சின் ஆழம் வரை போகும். சிலருக்கு மகரந்தமே இழுப்பையும் கிளப்பும் என்பதால் தோல் பரிசோதனை செய்துதான் பிரித்தறிய வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு நுண்புகைக்குப் போதாது. என்95 முகக்கவசம் தடுக்கும், தாடி இருந்தால் ஓரத்தில் கசியும். கார்பன் மோனாக்சைடை அதுவும் தடுக்காது. மூட்டம் பிரிப்பவர்கள் காற்று முதுகில் படும்படி நிற்கவேண்டும்.

ராமநாதபுரத்திலிருந்து:
மூக்குக் கழுவ ஊர்க் கிணற்றுத் தண்ணீரை அப்படியே எடுக்காதீர்கள். கொதிக்கவைத்து ஆறிய குடிநீர் 250 மில்லிக்கு அயோடின் சேராத உப்பு அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக. உப்பு கூடினாலும் குறைந்தாலும் எரியும்.

அழுத்தி இழுக்கும் இன்ஹேலரில் அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று: அழுத்திய பிறகு இழுப்பது. முதலில் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து விநாடி அடக்குங்கள். கை ஒத்துவராத பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் போடுங்கள். ஸ்டீராய்டு மருந்தென்றால் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும், இல்லையென்றால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை படியலாம்.