பெங்களூரா மாங்காய்க்கு அரசே விலை கட்டினால் சரியாகிவிடுமா?

கேள்வி (பர்கூர் தோப்பு):
2025 சீசனில் ஆந்திராவில் பெங்களூராவுக்கு (கிளிமூக்கு மாங்காய்) கிலோ 12 ரூபாய்னு அறிவிச்சாங்க: கூழ் ஆலை 8 தரும், அரசு 4 தரும். கிருஷ்ணகிரியிலும் கலெக்டரே விலை கட்டி, கூழ் ஆலைகள் வாங்கியே ஆகணும்னு உத்தரவு போட்டா என்ன? சந்தை தானா சரியாகும்னு சொல்றவங்க, மரத்துலயே பழுத்து உதிர்ற காய்க்கு என்ன பதில் வெச்சிருக்காங்க?

ஆலைக் கணக்கு தெரிஞ்சவர்:
விலையைக் கட்டலாம், வாங்க வைக்கிறதுதான் கஷ்டம். ஏறக்குறைய 2 டன் காய்க்கு 1 டன் கூழ். காய் கிலோ 5 ரூபாய்னா ஒரு கிலோ கூழில் காய்ச்செலவு மட்டும் 10. காய் 12ன்னா 24. பை, டிரம், நீராவி, கூலி எல்லாம் அதுக்கு மேல. போன வருஷத்துக் கூழ் டிரம்மே விக்காம குடோன்ல அடுக்கிக் கிடந்தா, "இன்னிக்கு லோடு வேண்டாம்"னு கேட்டைச் சாத்திடுவாங்க. லாரி ரெண்டு நாள் வெயில்ல நின்னா அடிக்காய் நசுங்கி ஒழுகும். அப்புறம் கிடைச்ச விலைக்குத் தள்ளிவிடுவாங்க, சீட்டில் மட்டும் 12 இருக்கும்.

இன்னொண்ணு. ஒரு பக்கம் விலை ஏறினா பக்கத்து மாநிலக் காய் அங்கே பாயும். அதைத் தடுக்கத்தான் 2025 ஜூன்ல சித்தூர் மாவட்டத்துக்குள்ள வெளிமாநில பெங்களூரா வரக்கூடாதுன்னாங்க. கர்நாடக முதல்வர் ஆட்சேபிச்சுக் கடிதம் எழுதினார். நாடு முழுக்க வணிகம் தடையில்லாம நடக்கணும்னு அரசமைப்பின் 301ஆம் பிரிவு சொல்லுது. விலை கட்டினா அடுத்து செக்போஸ்ட் போட வேண்டி வரும். அதில் அடிபடுறது நம்ம லாரியும்தான்.

திட்டம் தெரிஞ்சவர்:
அதுக்காக அரசு கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்னு இல்லைங்க. விலை விழுந்தா அரசு இறங்கி விவசாயியைத் தாங்குற சந்தை இடையீட்டுத் திட்டம் இருக்கு. விலை வழக்கமான சீசனைவிட 10 சதவீதமாவது இறங்கியிருக்கணும், மாநிலம் கேட்கணும், செலவு மத்திய அரசும் மாநிலமும் பாதிப்பாதி. காயை வாங்காம விலை வித்தியாசத்தை மட்டும் விவசாயி கணக்கில் போடவும் இப்போ வழி உண்டு. கர்நாடகாவுக்கு 2025ல் குவிண்டால் 1,616 ரூபாய் அடிப்படையில் 2.5 லட்சம் டன் வரை அப்படித்தான் அனுமதிச்சாங்க. சந்தை விலை அதுபாட்டுக்கு ஓடும், நஷ்டத்தில் ஒரு பங்கை அரசு தாங்கும்.

சிக்கல் சீட்டில்தான். மண்டியில் துண்டுக் காகிதத்துல எழுதித் தர்ற கணக்கு செல்லாது. பெயர், தேதி, எடை, விலை போட்ட ரசீது வேணும்.

பர்கூர் தோப்பு:
பூ பிடிக்கிறப்பவே காயைக் குத்தகைக்கு விட்டிருந்தா பணம் யாருக்குங்க?

திட்டம் தெரிஞ்சவர்:
அடங்கல் (கிராமப் பயிர்க் கணக்கு) பட்டாதாரர் பேர்ல இருந்தா அவருக்குத்தான் போகும், நஷ்டம் குத்தகைக்காரருக்கு. குத்தகையை எழுத்தில் போடும்போதே நிவாரணம் வந்தா யாருக்குன்னு ஒரு வரி சேர்த்துடுங்க. வாய்ப்பேச்சு பஞ்சாயத்தில்தான் முடியும்.

ஆலைக் கணக்கு தெரிஞ்சவர்:
ஆலைகள் கூடிப் பேசி ஒரே விலை வைக்கிறது 2002 போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி தப்பு. அதே ஆலைகளை ஒரே மேசையில் உட்கார வெச்சு அதிகாரிகளே ஒரு விலை பேசித் தர்றதை நான் ரசிக்கிறதில்லை. அந்த நேரத்துல தராசைப் பார்க்கலாம். மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை வேணும், நம்மூர்ல அது தொழிலாளர் துறை வேலை. காலி லாரியைக் கண்ணெதிரே எடை போடச் சொல்லுங்க, பழைய சீட்டைப் பார்த்து எழுத விடாதீங்க. 10 டன் லோடில் டன்னுக்கு 50 கிலோ "கழிவு" பிடிச்சா, அரை டன் காய் காசில்லாமப் போகுது.