புதுப்பிப்பு: சென்னை–மும்பை சைக்கிள் பயணம், பஞ்சர் தீர்ந்த கதை

பெங்களூரு அத்தை, புனே சித்தி வீடுகளில் தங்கி, தேசிய நெடுஞ்சாலை 48 வழியாகச் சைக்கிளில் மும்பை போக யோசனை கேட்டிருந்தேன். போய்ச் சேர்ந்தாயிற்று. எல்லாருக்கும் நன்றி.

பஞ்சர் ஆகாமலிருக்கப் பழைய டியூபை வெட்டி டயருக்குள் விரிக்கச் சொன்னீர்களே, அதுதான் கைகொடுத்தது. சாலையோரம் முழுக்க லாரி டயர் வெடித்துச் சிதறிய மயிரிழைக் கம்பிகள். டயரில் குத்தியவை டியூப் வரை போகவில்லை. என் டியூபில் இருப்பது ஒல்லியான பிரெஸ்டா வால்வு, லாரிக்குக் காற்றடிக்கும் குழாய் அதில் நேராகப் பொருந்தாது. அதற்குப் பித்தளை அடாப்டர் வாங்கியதால் லாரிக்குக் காற்றடிக்கும் கடையே போதுமாக இருந்தது.

எதிர்பாராதது ஒன்று: புனே–மும்பை எக்ஸ்பிரஸ்வேயில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. லோனாவாலா, கண்டாலா வழியாகப் பழைய சாலைதான். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து ரிம் கொதித்தது, நின்று நின்று இறங்கினேன்.

அப்புறம், உறவினர் வீட்டுக்கு ஒரு இரவு என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். விடமாட்டார்கள். அத்தை கட்டித் தந்த பொரிவிளங்காய் உருண்டை கர்நாடகத்துத் தாவணகெரே வரை தாங்கியது.