நிரல் தெரியாத அக்காவுக்கு எந்த வெப்சைட் எடிட்டர் சரிப்படும்?

நண்பர்களே, ஒரு உதவி. என் அக்கா மதுரையில் வீட்டிலேயே தையல் வகுப்பு நடத்துகிறார். வகுப்பு நேரம், கட்டணம், மாணவிகள் தைத்த பிளவுஸ் படங்கள், இவ்வளவுதான் பக்கத்தில் வேண்டும்; ஆனால் என்னை ஒவ்வொரு முறையும் கூப்பிடாமல் அவரே மவுஸால் இழுத்துப் போட்டு மாற்ற முடிய வேண்டும்.

போன மாதம் ஒரு எடிட்டரில் செய்து பார்த்தோம். தலைப்பு எழுத்து எழுத்தாக வந்து விழுகிற அலங்காரத்தைப் போட்டதும், 'தையல்' என்ற சொல்லில் ஐகாரக் குறி மட்டும் தனியே பிரிந்து ஒரு புள்ளி வட்டத்தோடு நின்றது. அக்காவுக்கு முகமே வாடிவிட்டது.

கூகுள் சைட்ஸ் இலவசம், எளிது, ஆனால் நம் இஷ்டத்துக்கு வடிவமைக்க அதிகம் இடமில்லை. வேர்ட்பிரஸில் 2018 கடைசியில் வந்த, பத்தி, படம் என்று துண்டு துண்டாக அடுக்கிப் பக்கம் கட்டும் பிளாக் எடிட்டர் எனக்குப் பிடித்திருக்கிறது, சரி, அப்புறம் அப்டேட், பேக்கப் எல்லாம் யார் பார்ப்பது? விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு ஹோஸ்டிங்குக்கு, அதாவது தளத்தை வைத்திருக்கும் வேறு சர்வர் சேவைக்கு, கொண்டுபோக முடியாது. இதேபோல நிரல் இல்லாமல் தளம் கட்ட உதவிய அடோபி மியூஸ் மென்பொருளுக்கு 2020-இல் ஆதரவு நின்றுபோனதை நினைத்தால் இதுதான் எனக்குப் பெரிய கவலை.

நிரல் தெரியாமலே தமிழில் பக்கம் கட்டி ஒரு வருடமாவது நடத்தியவர்கள் இருந்தால், எதில் செய்தீர்கள், போனிலேயே திருத்த முடிகிறதா, வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்.