2016-ல் திமுகவைத் தோற்கடித்தது மக்கள் நலக் கூட்டணியா?

நெல்லைக்காரன்:
2016 சட்டமன்றத் தேர்தலில் திமுகவைத் தோற்கடித்தது அதிமுக இல்லை, மக்கள் நலக் கூட்டணிதான். அதிமுகவுக்கு 40.8 சதவீதம், திமுக கூட்டணிக்கு ஏறக்குறைய 39.8. மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் வித்தியாசம் நாலரை லட்சம் ஓட்டுக்குள்தான், நோட்டாவுக்கு விழுந்ததே அதைவிட அதிகம். ஆனால் சீட்டு மட்டும் 134-க்கு 98. விஜயகாந்த், வைகோ, திருமா, வாசன், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லோரும் சேர்ந்து நின்று, ஒரு இடம்கூட வாங்காமல், ஆட்சிக்கு எதிரான ஓட்டைப் பிரித்து ஜெயலலிதா கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

கொங்குத்தம்பி:
அண்ணே, அந்த ஓட்டெல்லாம் திமுகவுக்கு எழுதி வைத்த சொத்தா? கோவை மாவட்டத்தில் 10-ல் 9, சேலத்தில் 11-ல் 10 அதிமுக. இங்கே வைகோவா பிரித்தார்? 2011-க்கு முன்னால் இருந்த மின்வெட்டை விசைத்தறிக்காரன் மறக்கவே இல்லை, அதுதான் விஷயம். அப்புறம் காங்கிரசுக்கு 41 சீட் கொடுத்து 8-ல்தான் ஜெயித்தார்கள், அதை ஏன் யாரும் பேசுவதில்லை?

கடலூர் தோழர்:
நெல்லைக்காரரே, காட்டுமன்னார்கோயிலைப் பாருங்கள். திருமா தோற்றது 87 ஓட்டில். அங்கே திமுக கூட்டணி சார்பில் காங்கிரஸ் நின்று மூன்றாவது இடத்துக்குப் போனது. இப்போது சொல்லுங்கள், யார் யாருடைய ஓட்டைப் பிரித்தார்கள்? நாங்கள் தனியாக நின்றால் துரோகம், நீங்கள் எதிரே ஆள் போட்டால் ஜனநாயகமா?

நெல்லைக்காரன்:
சரி, அந்த ஒரு தொகுதியில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் விஜயகாந்தின் தேமுதிக மட்டும் திமுக கூட்டணிக்குள் வந்திருந்தால் கதையே வேறு. பழம் நழுவிப் பாலில் விழும் என்று கலைஞர் கடைசிவரை காத்திருந்தது சும்மாவா?

சைதைவாசி:
அந்தப் பழம் ஏற்கெனவே அழுகிவிட்டது சார். 2011-ல் 7.9 சதவீதம் வாங்கிய கட்சி 2016-ல் 2.4. தலைவரே உளுந்தூர்பேட்டையில் டெபாசிட் இழந்தார். ஆட்கள் தேர்தலுக்கு முன்பே பிரிந்து திமுக பக்கம் வந்துவிட்டார்கள். மிச்சத்தைக் கூட்டணி என்று எழுதிக் கூட்டினால் அப்படியே வந்து சேரும் என்பது காகிதக் கணக்கு. சென்னையில் டிசம்பர் வெள்ளக் கோபத்தில் திமுக 16-ல் 10 எடுத்தது, மூன்றாவது அணி இங்கேயும்தான் நின்றது. கோபம் இருந்த இடத்தில் ஜெயித்தீர்கள், இல்லாத இடத்தில் தோற்றீர்கள், அவ்வளவுதான்.

நெல்லைக்காரன்:
ராதாபுரத்துக்கு என்ன சொல்வீர்கள்? எங்கள் மாவட்டம், அதனால்தான் கேட்கிறேன். திமுக வேட்பாளர் அப்பாவு 49 ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். ஆனால் 200-க்கு மேல் தபால் ஓட்டுகளைத் தள்ளிவிட்டார்கள். காரணம், அவற்றுக்கு நடுநிலைப்பள்ளித் தலைமை ஆசிரியர் சான்றுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம், அவருக்கு அந்த அதிகாரம் இல்லையாம். அது செல்லும் என்று உயர் நீதிமன்றம் சொல்லி மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019-ல். எண்ணியும் முடித்தார்கள். முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஐந்து வருடமும் அதிமுகவின் இன்பதுரைதான் எம்எல்ஏ.

கொங்குத்தம்பி:
அதில் எனக்கும் கோபம்தான் அண்ணே, ஓட்டுப் போட்ட வாத்தியார்களுக்கு அது அவமானம். ஆனால் அந்த இடத்தை உங்கள் பக்கமே எழுதினாலும் 133-க்கு 99. ஆட்சி மாறாது.

கடலூர் தோழர்:
மேலும் ராதாபுரத்தைக் கெடுத்தது அந்தக் கையெழுத்துப் பிரச்சினை, மக்கள் நலக் கூட்டணி இல்லை. உங்கள் முதல் பதிவுக்கு நீங்களே எதிர்சாட்சி கொண்டு வருகிறீர்கள்.

நெல்லைக்காரன்:
49 ஓட்டு வித்தியாசம் வருகிற இடத்தில் உங்கள் கூட்டணி வாங்கிய ஓட்டு எத்தனை ஆயிரம் என்று பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் தோழர்.